மிடில்டன் பிளேஸில் அப்பா பார்த்த வரப்பு

அப்பா அம்மா அமெரிக்கா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அருவி, உயரமான கட்டடம், சுதந்திர தேவி சிலை எல்லாம் முடித்தாயிற்று, அப்பாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. நயாகராவைப் பார்த்துவிட்டு "நல்லா கொட்டுது" என்றார், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சார்லட்டில் என் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் புல்வெளியில் தானாகச் சுற்றித் தண்ணீர் பீச்சும் குழாயைப் பார்த்து "புல்லுக்குப் போய் இவ்ளோ தண்ணியா" என்று வயிறெரிந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குப் பூ பிடிக்கும். மார்ச் கடைசியில் தென் கரோலினாவில் கடலோரமாக இருக்கும் சார்ல்ஸ்டன் பக்கம் அசேலியா பூத்துக் கொட்டும், காரில் மூன்றரை மணி நேரம்தான், தம்பியும் லீவு போட்டு வந்திருந்தான். சரி, கிளம்பலாம் என்று முடிவாயிற்று.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு தயக்கம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நண்பர்களோடு தெற்கில் ஒரு பிளாண்டேஷனுக்கு, அதாவது அடிமைகளை வைத்துப் பயிர் செய்த பழைய பண்ணைக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். குடை மாதிரி விரிந்த பாவாடை கட்டிய ஒரு பெண் எங்களை வீட்டுக்குள் அழைத்துப் போய், சரவிளக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, திரைச்சீலை எந்தப் பட்டு என்று இருபது நிமிடம் சொன்னார். அடிமை என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை, "வேலையாட்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையாட்கள் எங்கே தூங்கினார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு "பின்னாடி இருந்தது, இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக் கதவைத் திறந்துவிட்டார். கடைசியில் எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ். குடித்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகத் தோன்றவில்லை.

இந்த முறை கொஞ்சம் படித்துவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். சார்ல்ஸ்டனிலிருந்து ஆஷ்லி நதி ஓரமாக ஒரு சாலை போகிறது, இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கைகோத்து மேலே கூரை போட்டிருக்கும். அந்த ஒரே சாலையில் வரிசையாக மூன்று பிளாண்டேஷன். முதலில் டிரேட்டன் ஹால், உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லாமல் வெறும் கட்டடமாகவே பாதுகாக்கிறார்கள். அடுத்தது மக்னோலியா, காடு மாதிரி வளர விட்ட தோட்டம். கடைசியில் மிடில்டன் பிளேஸ், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு தோட்டம், 1741ல் ஆரம்பித்தது. அங்கே அடிமைகளின் வாழ்க்கையைப் பற்றித் தனியாக ஒரு நடைச் சுற்றுலாவும் உண்டு என்று போட்டிருந்தது. அதனால் கடைசி இடத்துக்குப் போனோம்.

போகும் வழியில் அம்மா, "பிளாண்டேஷன்னா என்னடி?" என்று கேட்டாள். தோட்டம் என்றேன். "அப்ப பூ இருக்கற எடம்?" அதுவும் தோட்டம்தான். அம்மா விடவில்லை, "ரெண்டுக்கும் ஒரே பேரா?" ஆமாம், நம் மொழியில் பூத்தோட்டமும் தோட்டம், ஆளை வைத்து வேலை வாங்கிய தேயிலைத் தோட்டமும் தோட்டம். ஆங்கிலத்தில் அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில்கூட "பிளாண்டேஷன் அண்ட் கார்டன்ஸ்" பாணியில் நடுவில் ஒரு "அண்ட்" போட்டுத்தான் இந்த மாதிரி இடங்களை விளம்பரம் செய்வார்கள். எனக்கு அப்போது இது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

உள்ளே நுழைந்ததும் பெரிய புல்வெளி, அதில் நிஜமாகவே செம்மறி ஆடுகள் மேய்கின்றன. அப்பா முகத்தில் ஆறு வாரத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். ஓக் மரங்களில் சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி தொங்குவதைக் காட்டி "மரத்துக்கு நோய் வந்திருக்கே" என்றார். அதன் பெயர் ஸ்பானிஷ் மாஸ், ஆனால் அது பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி, மரத்தை உறிஞ்சாது, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பிழைத்துக்கொள்ளும் என்று தம்பி போனைப் பார்த்துப் படித்தான். அப்பா நம்பவில்லை. பக்கத்தில் போய் ஒரு கொத்தை இழுத்துப் பார்த்து, வேர் எதுவும் மரத்துக்குள் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நகர்ந்தார்.

நடுவில் பெரிய வீடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் செங்கல் குவியல்தான் இருக்கிறது. 1865 பிப்ரவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசியில், வடக்குப் படை வந்து கொளுத்தியது, மிச்சம் நின்ற சுவர்கள் 1886 பூகம்பத்தில் விழுந்தன. தெற்குப் பக்கத்தில் விருந்தினர்களுக்காகக் கட்டிய ஒரு பகுதி மட்டும் தப்பித்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. நாங்கள் போனபோது அதற்குத் தனிக் கட்டணம். தம்பியும் நானும் மட்டும் போய் வந்தோம், வெள்ளிப் பாத்திரங்கள், குடும்பப் படங்கள், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தின் கதைதான் கொஞ்சம் சுவாரஸ்யம். தோட்டத்தை ஆரம்பித்த ஹென்றி மிடில்டனுக்கு இந்த இடம் மனைவி மேரி வில்லியம்ஸ் வழியாக வந்தது, அதாவது மாமனார் வீட்டுச் சொத்து. ஹென்றி 1774ல், பிரிட்டனை எதிர்த்துக் காலனிகள் கூட்டிய முதல் கான்டினென்டல் காங்கிரசுக்குக் கடைசிச் சில நாட்கள் தலைவராக இருந்தார். மகன் ஆர்தர் 1776ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். பேரனின் மகன் வில்லியம்ஸ் 1860 டிசம்பரில் தென் கரோலினா நாட்டை விட்டுப் பிரிகிறது என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று கையெழுத்துப் போட்ட குடும்பம், நூறு வருஷம்கூட ஆகவில்லை, அடிமைகளை விட முடியாது என்று போர் வரைக்கும் போய்விட்டது. முதல் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்பதால், மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

அதற்குள் அம்மா அசேலியாவில் மறைந்துவிட்டாள். குளத்தை ஒட்டி ஒரு சரிவு முழுக்க அசேலியா, வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு, இலையே தெரியாத அளவுக்குப் பூ. பொய் சொல்ல மாட்டேன், அழகு. மூச்சு நின்றுவிடும் அழகு. பக்கத்தில் கமீலியா புதர்கள், அதன் சீசன் குளிர்காலம் என்பதால் கடைசிப் பூக்கள் தரையில் விழுந்து கிடந்தன. கமீலியா நம் தேயிலைச் செடிக்கு அக்கா தங்கை முறை. ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1786ல் கொடுத்ததாகச் சொல்லப்படும் செடிகளில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலான செடி, பக்கத்தில் நின்று அம்மா போட்டோ எடுத்துக்கொண்டாள்.

போட்டோ விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. சற்றுத் தள்ளி ஒரு மணப்பெண், வெள்ளை கவுன் தரையில் புரள, இரண்டு தோழிகள் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க, போட்டோகிராபர் மண்டியிட்டுக் கிடக்கிறார். இந்த இடங்களில் கல்யாணம் செய்வது இங்கே பெரிய சண்டை. 2019 டிசம்பரில் பின்டரெஸ்ட், தி நாட் போன்ற தளங்கள் பிளாண்டேஷன் கல்யாணங்களை முன்னிறுத்துவதைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தன. பக்கத்தில் பூன் ஹால் என்ற இன்னொரு பிளாண்டேஷனில் 2012ல் கல்யாணம் செய்த ஹாலிவுட் ஜோடி ஒன்று, அது பெரிய தவறு என்று பிற்பாடு சொன்னது. சொல்லப்போனால் நானும் காலையில் பட்டுச் சேலையை பையில் எடுத்து வைத்திருந்தேன், பூவுக்கு முன்னால் நன்றாக வருமே என்று. அது கார் டிக்கியிலேயே இருந்துவிட்டது. கொள்கை என்று சொன்னால் பாதிதான் உண்மை, மீதி சோம்பல்.

அப்பாவைத் தேடினோம். பூ பக்கமே அவர் வரவில்லை. வீடு இருந்த இடத்துக்குப் பின்னால், நதியைப் பார்த்து நிலம் படிப்படியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியும் புல் போர்த்திய மேடை. கீழே நடுவில் புல் பாதை விட்டு இரண்டு பக்கமும் இரண்டு குளம், மேலிருந்து பார்த்தால் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி. அதற்குப் பின்னால் தாழ்வான சதுப்பு நிலம், அப்புறம் ஆறு. எல்லாப் படங்களிலும் வருகிற காட்சி இதுதான். எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிறார்கள், அப்பா மட்டும் முதல் படியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைச் சரிவில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது இயற்கை மேடு இல்லம்மா. போட்ட மண்ணு."

"தோட்டம்னா போடத்தானே செய்வாங்க."

"போட்டதைச் சொல்லலை. போட்ட விதத்தைப் பாரு. இவ்வளவு மழை பெய்யற ஊரு, ஒரு எடத்துல அரிக்கல, ஒரு எடத்துல தண்ணி தேங்கல. கீழ பாரு, குளத்துத் தண்ணி ஒரு மட்டம், அந்தாண்ட ஆத்துத் தண்ணி வேற மட்டம், நடுவுல கரை. இது பூச்செடி வைக்கறவன் வேலை இல்ல. வரப்பு போட்டவன் கை."

நான் சும்மா கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் வயல்தான் என்று தம்பி சிரித்தான். ஒரு மணி நேரம் கழித்து அந்த நடைச் சுற்றுலாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்மணி கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

கரோலினாவில் 1600களின் கடைசியில் நெல் வந்தது. வந்த பிறகு அதைப் பயிர் செய்யத் தெரிந்தவர்கள் முதலாளிகள் இல்லை. ஆங்கிலேயருக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்? மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், காம்பியா, சியரா லியோன் கரையோரங்களில், பல நூறு வருஷமாகச் சதுப்பு நிலத்தில் கரை போட்டு நெல் விளைவித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கரைகளிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து விற்கும்போது, நெல் தெரிந்தவர்கள் என்று சொல்லியே விளம்பரம் செய்தார்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாகத்தான் வந்தார்கள் என்று ஒரு கணக்கு. 1708 வாக்கிலேயே அந்தக் காலனியில் வெள்ளையர்களைவிடக் கறுப்பர்கள் அதிகம். சைப்ரஸ் மரம் மண்டிய சதுப்புக் காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று மைல் கணக்கில் கரை எழுப்பினார்கள். கையில் மண்வெட்டி, கூடை, அவ்வளவுதான். மலேரியா, பாம்பு, முதலை. வெயில் காலம் வந்தால் முதலாளி குடும்பம் கொசுவுக்குப் பயந்து நகரத்துக்குப் போய்விடும்.

இந்தத் தோட்டத்தையும் அதே மக்கள்தான் போட்டார்கள். சுமார் நூறு பேர், பத்து வருஷம் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஹென்றி மிடில்டனிடம் பல இடங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 800 அடிமைகளும் 50,000 ஏக்கரும் இருந்தன, அதனால் நூறு பேரைப் பூந்தோட்டத்துக்கு ஒதுக்குவது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. வரைபடம் பிரெஞ்சுப் பாணி. அந்த வரைபடத்தை மண்ணில் நிற்க வைத்த கை வயல் கரை போட்டுப் பழகிய கை.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தப் பெண்மணி தேதிகளை அடுக்கிச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. 1739 செப்டம்பரில், இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை, ஸ்டோனோ ஆற்றுப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிமைகள் ஆயுதம் எடுத்துத் தெற்கே ஸ்பானியர்கள் வைத்திருந்த புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். 1740ல் ஒரு சட்டம்: அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கக் கூடாது, கூட்டமாகச் சேரக் கூடாது, சொந்தமாகச் சம்பாதிக்கக் கூடாது. 1741ல் இந்தத் தோட்டத்துக்கு முதல் மண்வெட்டி. நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார், வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. அவர் 'அடிமைகள்' என்று சொல்லவே இல்லை, ஆனால் அந்தப் பழைய இடத்துப் பெண் மாதிரி மழுப்பலாக இல்லை. 'அடிமையாக்கப்பட்டவர்கள்' என்பார். யாரோ ஆக்கினார்கள், அந்த யாரோவுக்குப் பெயர் இருக்கிறது என்பதற்காக. எனக்கு எழுதும்போது அவ்வளவு நீளமான வார்த்தை ஒவ்வொரு முறையும் வரமாட்டேன் என்கிறது, பல இடத்தில் அடிமை என்றே எழுதிவிட்டேன், ஆனால் அவர் சொன்னது காதில் இருக்கிறது.

அப்புறம் அப்பாவின் நேரம் ஆரம்பித்தது. "கடல் பக்கத்துல இருக்கு, ஆத்துல உப்பு ஏறாதா? நெல்லுக்கு உப்பு ஆகாதே. கேளு." நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது, பூவைப் பற்றிக் கேட்காத ஒரு ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் கனம் என்பதால் அடியில் நிற்கும், ஆற்றின் நல்ல தண்ணீரை மேலே தள்ளும். உப்பு எட்டாத அளவுக்கு உள்ளே தள்ளி, ஆனால் ஏற்றவற்றம் தெரிகிற அளவுக்குக் கடலுக்குப் பக்கத்தில், ஆற்றில் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் இதற்குத் தோது. மிடில்டன்களுக்கும் வயல் இருந்த கம்பாஹீ ஆறு அப்படிப்பட்டது. அங்கே கரையில் மதகு வைப்பார்கள். அதற்கு டிரங்க் என்று பெயர், ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டை அப்படியே கரைக்குள் புதைத்ததால் வந்த பெயர். பிற்பாடு நீளமான மரப்பெட்டி, இரண்டு முனையிலும் தொங்கும் கதவு. ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கிவிட்டால் போதும், ஏறுகிற தண்ணீர் உள்கதவைத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் போகும், ஆறு இறங்கும்போது வயல் தண்ணீர் திரும்பி வந்து அதே கதவைச் சாத்திவிடும். வடிக்க வேண்டுமா, மாற்றித் தூக்கினால் தீர்ந்தது. இறைப்பு இல்லை, மாடு இல்லை.

அப்பா இரண்டு உள்ளங்கையையும் கதவு மாதிரி எதிரெதிரே வைத்து ஆட்டிக் காட்டினார், இப்படியா, இப்படியா என்று. சரியாக இருந்தது. அந்தப் பெண்மணியும் கையை வைத்து ஆட்டினார். ஒரு நிமிடம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

விதைப்பைப் பற்றியும் அப்பா கேட்டார். பெண்கள் குதிகாலால் குழி அழுத்தி, விதையை விட்டு, கால் விரலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போவார்களாம், குனியாமல். விதை தண்ணீரில் மிதந்துவிடாமல் இருக்கக் களிமண்ணில் புரட்டிக் காயவைத்து விதைப்பதும் உண்டு, அதுவும் ஆப்பிரிக்க வழக்கம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்று அளந்து கொடுப்பது இந்தப் பக்கத்து முறை. "கால் ஏக்கரா, களிமண்ணா?" என்று கேட்டுவிட்டு அப்பா நாக்கைச் சப்புக்கொட்டினார். அவருக்கு மட்டும்தான் அந்த அளவு உடம்பில் உறைத்தது, சுற்றி நின்ற எங்களுக்கு அது வெறும் எண்.

கம்பாஹீ ஆற்றைப் பற்றி அந்தப் பெண்மணி இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். 1863 ஜூன் 2ஆம் தேதி, தானே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மன் வழிகாட்ட, வடக்குப் படையின் படகுகள் இரவோடு இரவாக அந்த ஆற்றில் ஏறின. வயலில் நின்றவர்கள் அப்படியே ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள், ஒரே நாளில் 700க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. சோறு கொதிக்கிற பானையைத் தலையில் வைத்துக்கொண்டே ஒரு பெண் ஓடி வந்ததை டப்மன் பின்னால் சொல்லியிருக்கிறார். அம்மா இதைக் கேட்டு, "பின்ன? சோத்தை விட்டுட்டா வருவா" என்றாள்.

கொட்டில் பக்கம் போனோம். கொல்லர், குயவர், பீப்பாய் செய்கிறவர் என்று பழைய தொழில்களைச் செய்து காட்டுகிறார்கள். அங்கே எருமை! நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. 1850களில் மிடில்டன்கள் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து எருமை வரவழைத்தார்களாம், சேற்று வயலுக்கு ஆகும் என்று. போரில் வந்த படை சிலதைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஓட்டிக்கொண்டு போனது, அவை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் போய்ச் சேர்ந்ததாக ஒரு கதை. அதன் ஞாபகமாக இப்போதும் எருமை வளர்க்கிறார்கள். மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து, டிக்கெட் வாங்கி, எருமையை வேடிக்கை பார்த்த தமிழ்க் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். அப்பா போட்டோ எடுக்கச் சொன்னது அன்றைக்கு முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குப் பக்கத்தில் ஒரு மர உரல். அம்மா நின்றுவிட்டாள். மரத்தண்டைக் குடைந்த இடுப்புயர உரல், உலக்கை நடுவில் மெலிந்து இரண்டு பக்கமும் தடித்து இருக்கிறது. அம்மா தூக்கிப் பார்த்து, "பூண் இல்லையே" என்றாள். ஒரு முனையால் குத்தி உமி நீக்குவார்கள், திருப்பிப் பிடித்து மறுமுனையால் தவிடு போகத் தீட்டுவார்கள் என்று அங்கே இருந்தவர் சொன்னார். பக்கத்தில் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த அகலமான தட்டு. வட்டமாக இருந்தாலும் அம்மாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக் காற்றில் ஒரு புடை புடைத்தாள். அந்தக் கூடை முடையும் வேலை இன்னும் சாகவில்லை, சார்ல்ஸ்டன் சந்தையிலும் மவுன்ட் பிளசன்ட் நெடுஞ்சாலை ஓரத்திலும் அந்த மக்களின் வழிவந்த பெண்கள் உட்கார்ந்து முடைந்து விற்கிறார்கள். நல்ல விலை, பேரம் பேசாதீர்கள்.

"நீ குத்தியிருக்கியாம்மா?" என்று தம்பி கேட்டான்.

"எங்க வீட்ல நான் குத்தினதில்லடா. குத்தறவங்க வருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "கொல்லப் பக்கமா வருவாங்க, கொல்லப் பக்கமாவே போவாங்க. குத்திக் குடுத்தா நொய்யும் தவிடும் குடுப்போம்."

அப்பா எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். உரலை இருந்த இடத்தில் நேராக வைத்துவிட்டு நகர்ந்தோம்.

எலைசா வீடு என்று ஒரு சின்ன மர வீடு இருக்கிறது. போருக்குப் பிறகு விடுதலையானவர்களுக்காகக் கட்டியது, எலைசா லீச் என்ற பெண்மணி அதில் வாழ்ந்த கடைசி ஆட்களில் ஒருவர், அதனால் அவர் பெயர். உள்ளே மிடில்டன் குடும்பத்திடம் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதி மாட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியக அறைகளில் கூட்டம் இருந்தது, இங்கே நாங்கள் நான்கு பேரும் ஒரு கறுப்பினத் தம்பதியும் மட்டும். அந்த அம்மாள் விரலை வைத்து வரிசையாக ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்தார், உதடு அசைந்தது. எதையோ தேடுகிறார் என்று புரிந்ததும் நாங்கள் வெளியே வந்து திண்ணை மாதிரி இருந்த படியில் உட்கார்ந்துகொண்டோம். கரோலினாவின் பழைய பட்டியல்களில் கஃபி, குவாஷ் போன்ற பெயர்கள் வரும், வெள்ளிக்கிழமை பிறந்தவன், ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்று கிழமையை வைத்து ஆப்பிரிக்காவில் வைத்த பெயர்கள். எஜமானன் கணக்குப் புத்தகத்திலும் அது அழியாமல் வந்துவிட்டது என்று தம்பிக்குச் சொன்னேன். அந்தத் தம்பதி வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். அங்கேயே உணவகம் உண்டு, 1980களில் எட்னா லூயிஸ் சமைத்த அடுக்களை. விடுதலையான அடிமையின் பேத்தி, தெற்கத்திச் சமையலை உலகமே மதிக்கும்படி செய்தவர். நாங்கள் போனபோது வெண்டைக்காய் போட்ட சூப் இருந்தது, காராமணி போட்ட சோறு இருந்தது. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அதே கப்பல்களின் வழியில் வந்தவைதான். காராமணிச் சோற்றுக்கு ஹாப்பின் ஜான் என்று பெயர், பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அப்பா கேட்காமல் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், நாங்களும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: முழு நாள் ஒதுக்குங்கள், பூச்சிக்கடிக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது, எனக்கு இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டது. குளத்து ஓரத்தில் உட்காராதீர்கள், முதலைகள் நிஜம். நடைச் சுற்றுலாவைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே போய்விடுங்கள், அப்புறம் தோட்டத்தைப் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், அதனால் சுற்றுலா முடிந்து மறுபடி அந்தப் புல்மேடைகளுக்குப் போய் நிற்க வேண்டியதாயிற்று. சாயங்கால வெயிலில் சரிவு முழுக்க நிழல் படிந்து, ஒவ்வொரு படியின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. காலையில் எனக்கு அது ஒரு பச்சைப் போர்வை. இப்போது விளிம்பு விளிம்பாகக் கூடை கூடையாக மண்தான் தெரிந்தது. இன்னும் அழகாகத்தான் இருந்தது, அதுதான் தொந்தரவு.

கடையில் கரோலினா கோல்டு அரிசி ஒரு பை வாங்கினோம். உமி பொன்னிறம் என்பதால் அந்தப் பெயர். விடுதலைக்குப் பிறகு நெல் விவசாயம் தேய்ந்து, 1910, 1911 புயல்களோடு கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1980களில் வாத்து வேட்டைக்கு ஆசைப்பட்ட ஒரு கண் மருத்துவர், நெல் இருந்தால் வாத்து வரும் என்று, அரசாங்க விதைச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் வாங்கி விதைத்ததில் அது மறுபடி உயிர் பெற்றது. அப்பா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல ஒரு பிடி எடுத்துட்டுப் போய் நாத்து விட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"அரிசிப்பா அது. நெல் இல்ல."

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் திரும்ப என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வடித்தோம். கொஞ்சம் குழைந்தது, வாசனை இருந்தது. ராத்திரி அப்பா ஊரில் இருக்கும் அவர் சிநேகிதருக்குப் போன் போட்டார். ஆறு வாரத்தில் நயாகராவைப் பற்றி அவர் யாரிடமும் இரண்டு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரம். பால்கனியிலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: "இல்லய்யா, இரும்பு இல்ல, முழுக்க மரம். ரெண்டு கதவு. ஆறு ஏறினா தானா தெறக்கும், எறங்கினா தானா சாத்திக்கும்... யாரு செஞ்சதா? அவங்கதான். பின்ன யாரு."